வரி 214

வெள்ளி இரவு பதினொன்றரை.
முக்கூடல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
உரக்கடை மாடியில் பீடிக் கம்பெனியின் கணக்கறை.
யூரியா வாடை படியேறி வந்து
என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது.

கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தேன்:
சம்பளம் போடு.
எழுநூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் போட்டது.
பிறகு,
"வரி 214: கடையம்: எண் இல்லை"
என்று சொல்லிவிட்டுச் செத்தது.

கடையம் எண் இல்லைதான்.
மேற்கே மலையடியில் இருக்கிற ஊர்.
ராத்திரியோடு ராத்திரியாக
பீடிக் கட்டு எண்ணுகிற கட்டத்துக்குள்
எப்படி வந்து நின்றது?

மறுபடி ஓட்டினேன். அதே ஆள், அதே சாவு.
மெஷினை அணைத்துப் போட்டேன்.
அதே ஆள்.
இந்த நிரலை எழுதிய கோயில்பிள்ளை
இப்போது ஷார்ஜாவில்.
அவன் விட்டுப்போன ஒரே குறிப்பு
முதல் வரியில் இருக்கிறது:
"ஓடுது. தொடாதே."

என் லேப்டாப்பில்
புதிதாய் ஒரு காலிக் கோப்புறை திறந்து
அங்கிருந்து ஓட்டினேன்.
ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று பேருக்கும்
தடங்கலே இல்லாமல் ஓடி முடித்தது.
அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

சொர்ணலிங்கம் அண்ணாச்சி போனில்:
"அங்கன ஓடுதுன்னா அதையே அடிச்சுக் குடுத்துரு ஜெபா.
காலைல ஆறு மணிக்கு வேன் கெளம்பணும்லா."
ஏன் சாகிறது என்று தெரியாததை
நான் சரிசெய்திருக்கிறேன்.
ஏன் பிழைத்தது என்று தெரியாததை
கவரில் போட்டு அனுப்ப மாட்டேன்.

ஷெல்லிடம் சொன்னேன்:
எதைச் செய்தாலும் செய்வதற்கு முன்
வாய்விட்டுச் சொல்.
ஒவ்வொரு வரிக்கும் முன்னால்
ஒரு கூட்டல் குறி வைத்துக்கொண்டு
முணுமுணுத்தபடி போனது.
+ பேச்சிக்கனி + குறிப்பு ஒன்றுமில்லை
+ ஜெயசுதா + குறிப்பு ஒன்றுமில்லை
கண் எரிந்தது.
மாடிக்கு வெளியே ஆலங்குளம் கடைசி பஸ்
ஒருதரம் ஹாரன் அடித்துப் போனது.
+ மைதீன் பாத்து + இடைகால் கடையம் பாப்பாக்குடி முக்கூடல்

நாலு ஊர்.
நாலு ஊரும் அந்தக் கோப்புறையில் இருக்கிற
எங்கள் கிளைக் கணக்குகள்.

மூலப் பட்டியலைத் திறந்தால்
அவள் பேருக்கு எதிரே ஒரே ஒரு நட்சத்திரக் குறி.

"அது நாந்தான் போட்டேன். புள்ள பெத்திருக்கா,
லீவு. மறந்துரப்படாதுன்னு ஒரு ஸ்டார்."

அண்ணாச்சிக்கு அது ஞாபகம்.
ஷெல்லுக்கு அது கட்டளை:
இங்கே இருக்கிற அத்தனை பேரும் வா.
காலி அறையில் கூப்பிட ஆளில்லை,
நட்சத்திரம் நட்சத்திரமாகவே நின்றது.
ஆள் இருந்த அறையில்
ஊர் ஊராய் எழுந்து வந்து
அவள் கட்டத்தில் உட்கார்ந்துகொண்டன.

செய்த வைத்தியம் சின்னது.
அந்தச் சொல்லுக்கு முன்னும் பின்னும்
ஓர் இரட்டை மேற்கோள்.
இதற்குள் இருப்பது அவளுடையது,
விரித்துப் பார்க்காதே என்று அர்த்தம்.
இரண்டு சாவித் தட்டு, நாலு மணி நேரம்.
கோயில்பிள்ளையின் குறிப்புக்குக் கீழே எழுதினேன்:
"தொட்டேன். ஜெபமணி."

மூன்றே முக்காலுக்கு ஓட்டினேன்.
எழுநூற்றுப் பதிமூன்றைத் தாண்டியது.
பிரிண்டர் கரகரவென்று இறக்கிய தாளில்
தேடிப் பார்த்தேன்.

மைதீன் பாத்து * கட்டு 0 கூலி 0.00

கணக்கு சரி. சுற்றாத பீடிக்குக் கூலி இல்லை.
இருந்தாலும் ஒருமுறை கேட்டேன்,
வேலை முடிந்ததும் ஷெல்லிடம் கேட்பது வழக்கம்:
பிழை ஏதும் உண்டா?

பிழை இல்லை என்பதை
அது ஒரே எழுத்தில்தான் சொல்லும்.

0